குழி இருந்தால் தின்றது என்று ஆகுமா? (கடல் பிளாஸ்டிக், பாக்டீரியா)

கண்ணாடிச்சில்லு | சனி, மாலை 6.40

நேற்று 'நல்ல செய்தி' பகுதியில் மோல்டிங் ரவி ஒரு படத்தைப் போட்டு, "கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பாக்டீரியா தின்ன ஆரம்பித்துவிட்டது, குழியைப் பாருங்கள், கடல் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல். நான் பதில் எழுதுவதற்குள் அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியும். எரிக் ஸெட்லர், டிரேசி மின்சர், லிண்டா அமரல்-ஸெட்லர் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. வட அட்லாண்டிக்கில் வலை இழுத்து எடுத்த சின்னச் சின்னப் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் துண்டுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மேலே ஒரு ஊரே குடியிருந்தது. டயட்டம் என்ற நுண்பாசி, நீலப்பச்சைப் பாசி, தண்டு வைத்து நிற்கும் ஒற்றைச்செல் உயிர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் பாக்டீரியா. சுற்றியிருந்த தண்ணீரில் இருந்த கூட்டம் வேறு, துண்டின் மேல் இருந்த கூட்டம் வேறு. அந்த உலகத்துக்குத்தான் 'பிளாஸ்டிஸ்ஃபியர்' என்று பேர் வைத்தார்கள்.

அந்தப் படங்களில் சில இடத்தில் பிளாஸ்டிக்கில் குழி இருக்கிறது, குழிக்குள் செல் உட்கார்ந்திருக்கிறது. ரவிக்கு அது போதும். எனக்குப் போதாது. குழிக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தால் குழியைத் தோண்டியவன் அவன்தான் என்று ஆகாது. சுவர் ஓட்டையில் பல்லி இருக்கிறது, சுவரைப் பல்லியா தின்றது?

எனக்குக் கோபம் ஏன் என்றால், இதைப் படிக்கிற பிள்ளைகள் "சரி, பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்" என்று பையைக் கடலில் விடும். என் பேரனே நேற்று அப்படித்தான் கேட்டான்.

---

மோல்டிங் ரவி | சனி, மாலை 7.05

கண்ணாடிச்சில்லு அண்ணே, வணக்கம். இழையைப் பூட்டியது நான் இல்லை, மட்டுறுத்துநர். அதை முதலில் திருத்திவிடுங்கள்.

இரண்டாவது, நான் 22 வருடமாக பிளாஸ்டிக் மோல்டிங்கில் இருக்கிறேன். மொட்டை மாடியில் கிடக்கும் தண்ணீர்த் தொட்டி, வெயிலில் காயும் குடம், பைப் எல்லாம் எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியும். வெயில் பட்டால் பாலிஎத்திலீன் வெளுக்கும், சுண்ணாம்பு மாதிரி பொடி உதிரும், அப்புறம் விரிசல் விடும். விரிசல் கோடு கோடாக ஓடும். வறண்ட ஏரி மண் மாதிரி. வட்டமாகக் குழி விழுந்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தில் இருப்பது வட்டக் குழி. செல்லும் வட்டம், குழியும் வட்டம். அளவும் ஒன்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பல்லி ஓட்டையோடு இதைச் சேர்க்காதீர்கள். பல்லியின் வடிவத்தில் ஓட்டை இருந்தால் அப்போது பேசலாம்.

---

கண்ணாடிச்சில்லு | சனி, மாலை 7.48

22 வருடம் அச்சு ஊற்றினால் பிளாஸ்டிக் தெரியும். குழி தெரியாது. 31 வருடம் ஒரு கல்லூரியில் மின்னணு நுண்ணோக்கி ஓட்டியவன் நான். ஒரு படம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கடலில் எடுத்த துண்டை அப்படியே உள்ளே வைக்க முடியாது. முதலில் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துச் செல்லை இறுக்க வேண்டும். பிறகு 30, 50, 70, 90 என்று ஆல்கஹாலை ஏற்றிக்கொண்டே போய்த் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். பிறகு உலர்த்துவது, பிறகு தங்கப் பூச்சு. இத்தனையும் செய்யும்போது செல் சுருங்கும், படலம் சுருங்கும், கீழே இருக்கிற பிளாஸ்டிக்கும் இழுபடும். அதற்கப்புறம் எலக்ட்ரான் கற்றையை ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் பாலிஎத்திலீன் கண்ணெதிரே சுருண்டு கொப்புளம் போடும். திரையில் அது நடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கற்றையை நகர்த்து என்று மாணவர்களைத் திட்டியிருக்கிறேன். அட்லாண்டிக் குழி அப்படி வந்தது என்று சொல்லவில்லை. குழி உண்டாக ஒரு வழிதான் உண்டு என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

வட்டம் வட்டம் என்கிறீர்கள். நீங்களே பிளாஸ்டிக்கில் கால்சியம் கார்பனேட் சேர்ப்பவர். அந்த மாவுத் துகள் உதிர்ந்தால் அந்த இடத்தில் என்ன இருக்கும்? கோடா, குழியா? தொழிலை நீங்களே மறந்தால் எப்படி?

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்ட கதை இது. வெயிலும் உதிர்ந்த துகளும் குழி போடுகின்றன, பாக்டீரியா குடிவருகிறது.

---

புதியவன் | சனி, இரவு 8.02

மன்னிக்கவும், நான் புதிது. 'தின்பது' என்றால் எதைச் சொல்கிறீர்கள்? கடித்து உடைப்பதா, செரித்து உடம்பில் சேர்ப்பதா, கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவதா? அதை முதலில் முடிவு செய்தால் நல்லதல்லவா?

---

மோல்டிங் ரவி | சனி, இரவு 8.10

அண்ணே, உங்கள் பழமொழியே உங்களுக்கு எதிராக நிற்கிறது. புற்றைக் கட்டியது யார்? கரையான். கரையான் உயிர்தானே? அப்படியானால் குழியைப் போட்டதும் உயிர்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

கால்சியம் பற்றி: எல்லாத் துண்டிலும் கால்சியம் போடுவதில்லை. குடத்தில் போடுவோம், நாற்காலியில் போடுவோம். கடலில் கிடைக்கிற பால் பாக்கெட் படலத்திலும் போட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? தெரியாத தொழிலில் பாடம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த ஆய்வை எழுதியவர்களே, குழிகள் பாக்டீரியா வடிவத்தோடு பொருந்துகின்றன, பாலிமர் நீராற்பகுப்பு நடப்பதை அது உணர்த்துகிறது என்றுதான் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களே சொன்னபிறகு நுண்ணோக்கி ஓட்டியவர் யார் மறுக்க?

---

செவ்வந்தி | சனி, இரவு 8.31

ரவி அண்ணா, 'உணர்த்துகிறது' என்று எழுதினார்கள், 'நிரூபிக்கிறது' என்று எழுதவில்லை. நான் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி, அந்தச் சொல் எங்களுக்கு உயிர்.

அப்புறம் நீராற்பகுப்பு என்ற சொல்லே இங்கே இடிக்கிறது. தண்ணீரைக் கொண்டு பிணைப்பை வெட்டுவதுதான் அது. வெட்ட எஸ்டர் மாதிரி ஒரு பிணைப்பு வேண்டும். பெட் பாட்டிலில் அது இருக்கிறது. அதனால்தான் ஜப்பானில் சாகாய் ஊரில் பெட் பாட்டில் மறுசுழற்சி செய்யும் இடத்தில் எடுத்த மாதிரியிலிருந்து 2016இல் 'இடியோனெல்லா சாகாயென்சிஸ்' என்ற பாக்டீரியாவை அறிவிக்க முடிந்தது. மெல்லிய, படிகத்தன்மை குறைந்த பெட் படலத்தை 30 டிகிரியில் சுமார் 6 வாரத்தில் சிதைத்தது. அது நிலத்தில் கிடைத்தது, கடலில் இல்லை. மேலும் பெட் கடல் தண்ணீரைவிடக் கனம், மூழ்கிவிடும். மிதப்பது பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும். அவற்றின் முதுகெலும்பு முழுக்கக் கார்பனும் கார்பனும். வெயில் முதலில் அதில் ஆக்சிஜனை ஏற்றிக் கார்பனைல் தொகுதி உண்டாக்கித் துண்டாக்கினால்தான் நுண்ணுயிருக்குக் கை வைக்க இடம் கிடைக்கும்.

ஆனால் கண்ணாடிச்சில்லு ஐயாவும் ஒன்றை மறைக்கிறார். அந்தக் கூட்டத்தில் எண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பனைச் சிதைக்கிற வகைகளோடு நெருங்கியவையும் இருந்தன. அதை ஏன் சொல்லவில்லை? இன்னொன்று, ஒரு பாலிபுரோப்பிலீன் துண்டில் கிட்டத்தட்ட 24 விழுக்காடு விப்ரியோ. அதுதான் பயப்பட வேண்டிய செய்தி. நீங்கள் இருவரும் குழிக்குள்ளேயே இருக்கிறீர்கள்.

---

முத்துநகர் சூசை | சனி, இரவு 8.55

விப்ரியோ என்றால் காலரா கிருமிதானே? தங்கச்சி, இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கடலில் காலரா, மீனில் காலரா என்று ஒருவர் எழுதினால் மறுநாள் எங்கள் சந்தையில் மீன் நாறிப்போகும். தூத்துக்குடியில் எனக்கு இரண்டு பைபர் படகு. ஒரு வதந்தி வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்ததில்லை.

எங்கள் மிதவையைப் பாருங்கள். போட்டு ஒரு வாரத்தில் வழுவழுப்பு வந்துவிடும். கையை வைத்தால் விரலில் பச்சையாக ஒட்டும். ஒரு மாதத்தில் கொட்டலசு ஒட்டி, பிடித்தால் உள்ளங்கை கிழியும். சுரண்டி எடுத்தால் கீழே பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். அப்பா போட்ட மிதவை இன்றைக்கும் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதைத் தின்னப் பாக்டீரியா எங்கே போனது?

---

செவ்வந்தி | சனி, இரவு 9.06

சூசை அண்ணா, நான் மீனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. விப்ரியோ என்பது பெரிய குடும்பம். அதில் காலரா கிருமி ஒன்று. பெரும்பாலானவை மனிதருக்கு ஒன்றும் செய்யாது. கடல் தண்ணீரில் எப்போதும் இருப்பவை. 2013 ஆய்விலும் நோய் தரும் வகை என்று அறுதியாகச் சொல்லவில்லை. வட கடல், பால்டிக் கடல் துண்டுகளில் 'விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்' இருப்பதை 2016இல் கண்டார்கள். வயிற்றுப்போக்கு தருகிற வகை அது. துண்டு மிதந்து போகிற தூரத்தைப் பார்க்கும்போது அதை எழுதாமல் இருக்க முடியாது.

---

முத்துநகர் சூசை | சனி, இரவு 9.14

பால்டிக் கடல் எங்கே, மன்னார் வளைகுடா எங்கே? எழுதும்போது ஊர்ப் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். "மீனைப் பற்றி எழுதவில்லை" என்கிறீர்கள், கிருமியைப் பற்றி எழுதினால் ஜனங்கள் மீனைத்தான் நினைப்பார்கள்.

---

செவ்வந்தி | சனி, இரவு 9.17

ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறேன். மறுபடி படியுங்கள்.

---

கண்ணாடிச்சில்லு | சனி, இரவு 9.40

செவ்வந்தி அம்மா, நான் எதையும் மறைக்கவில்லை. எண்ணெய் சிதைக்கும் வகையின் உறவினர் இருந்தார் என்பதால் அவர் அங்கே எண்ணெய் சிதைத்தார் என்று ஆகாது. தச்சன் வீட்டுப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்தால் கதவு செய்யவா வந்தான்?

சூசை சொன்னதுதான் கடலின் சாட்சி. 1972இல் எட்வர்ட் கார்ப்பென்டரும் ஸ்மித்தும் சர்காசோ கடலில் பிளாஸ்டிக் துண்டுகளை அள்ளினார்கள். அவற்றின் மேல் டயட்டமும் ஹைட்ராய்டு என்ற சிறு கடல் உயிரும் ஒட்டியிருந்ததை அன்றைக்கே எழுதினார்கள். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. குடியிருப்பது புதுச் செய்தியே இல்லை. அந்த ஐம்பது வருடத்தில் அவை தின்று தீர்த்திருந்தால் இன்று பசிபிக் நடுவில் இருப்பது என்ன? 2018 கணக்கில் அந்தக் குப்பைப் பரப்பு 16 லட்சம் சதுர கிலோமீட்டர், எடை சுமார் 79,000 டன்.

ரவியின் கரையான் வாதத்துக்கு வருகிறேன். கரையானை அவர் தொட்டதே தப்பு. நம் ஊரில் புற்றுக் கட்டும் கரையான் மரத்தை நேராகச் செரிப்பதில்லை. மென்று கொண்டுபோய் உள்ளே தோட்டம் போட்டுக் காளான் வளர்க்கிறது. மரத்தைச் சிதைக்கிற பெரும் வேலை காளானுடையது. மழைக்குப் பின் புற்றின் மேல் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்துப் பயிர்தான். பக்கத்தில் நிற்பவனை எல்லாம் தின்றவன் என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

---

மோல்டிங் ரவி | சனி, இரவு 9.58

காளான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. 2024இல் நெதர்லாந்தின் கடல் ஆய்வு நிறுவனத்தார் கடல் பிளாஸ்டிக் குப்பையின் மேல் வாழும் 'பாரன்ஜியோடான்டியம் ஆல்பம்' என்ற பூஞ்சை பாலிஎத்திலீனைச் சிதைக்கிறது என்று அளந்து காட்டினார்கள். நாளுக்கு 0.05 விழுக்காடு. 365ஆல் பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்கு 18க்கும் மேல். உங்கள் 79,000 டன்னை 18ஆல் கழித்துக்கொண்டே வாருங்கள். அண்ணனுக்குக் கணக்கும் நான்தான் போட்டுத் தர வேண்டுமா?

குழிக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

---

கண்ணாடிச்சில்லு | சனி, இரவு 10.35

குழிக்குப் பதில் மூன்று முறை சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை.

பூஞ்சைக்கு வருவோம். அந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ஏன் தெரியுமா? அவர்கள் குழியைப் பார்த்து முடிவு கட்டவில்லை. கார்பன் 13 என்ற கனமான கார்பனால் செய்த பாலிஎத்திலீனைப் பூஞ்சைக்குக் கொடுத்தார்கள். நெற்றியில் பொட்டு வைத்து அனுப்பிய மாதிரி. பிறகு அந்தக் கனமான கார்பன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தார்கள். பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடாக வந்தது, மிகச் சிறு பங்குதான் பூஞ்சையின் உடம்பில் சேர்ந்தது. தின்றதற்குச் சாட்சி என்றால் இதுதான் சாட்சி.

ஆனால் நீங்கள் விழுங்கிய பகுதி ஒன்று இருக்கிறது. அந்த பாலிஎத்திலீனுக்கு முன்கூட்டியே புற ஊதா ஒளி காட்டியிருந்தார்கள். ஒளி படாததை அந்தப் பூஞ்சை தொடவில்லை. கடலில் வெயில் படுவது மேல் தோலில். மூழ்கிய துண்டுக்கும் வலை முடிச்சின் உள்ளே இருக்கும் இழைக்கும் எங்கிருந்து வெயில் வரும்? ஆய்வகத் தட்டில் பூஞ்சைக்கு விருந்து வைத்து எடுத்த எண்ணை 365ஆல் பெருக்கிப் பசிபிக் மேல் ஊற்றுவது எந்த ஊர்க் கணக்கு? வேண்டுமானால் 2023இல் அதே நிறுவனம் 'ரோடோகாக்கஸ் ரூபர்' பாக்டீரியாவுக்கு எடுத்த எண்ணைப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் 1.2 விழுக்காடு. அதுவும் ஆய்வகத்தில், ஒளி காட்டிய பிறகு.

இவ்வளவு நேரம் குடியிருப்பைப் பற்றி யாரும் பேசவிடவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். பாசி ஏறினால் துண்டு கனத்து மூழ்கும். கீழே வெளிச்சம் குறைந்து பாசி செத்து உதிர்ந்தால் லேசாகி மறுபடி மேலே வரும். பாசி ஏறிய துண்டிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு வாடை வரும். கடல் பறவைகளுக்கு அது இரை இருக்கும் இடத்தின் வாடை. தேடி வந்து விழுங்கும். நுண்ணுயிர் பிளாஸ்டிக்கைத் தின்கிறதோ இல்லையோ, பறவையைத் தின்ன வைக்கிறது. படத்தின் கீழே இதை எழுதியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

---

நீர்கொழும்பான் | சனி, இரவு 11.02

எல்லோருக்கும் வணக்கம். நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது எங்கட கரையில் வந்து குவிந்த பிளாஸ்டிக் குருணையைக் கையால் அள்ளினவன் நான். கப்பலில் இருந்தது 1,680 டன் மட்டில் என்று கணக்குச் சொன்னார்கள். சவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக, கணுக்கால் புதைகிற அளவுக்குக் கிடந்தது. அரிதட்டு வைத்து மணலை அரித்தோம். மேலே அரித்துக்கொண்டு போக அடுத்த அலை பிறகும் கொண்டுவந்து போடும்.

அதில் எரிந்த குருணையும் இருந்தது. கறுத்து, ஒன்றோடொன்று உருகி ஒட்டி, மேலெல்லாம் சின்னச் சின்ன வட்டக் குழி. கண்ணாலேயே தெரியும். கரைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. எந்தப் பாக்டீரியா இரண்டு நாளில் தின்றது?

ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்துக் களப்புத் தண்ணீர் ஊற்றி யன்னலில் வைத்தேன். மூன்று கிழமையில் ஒவ்வொரு குருணைக்கும் மண்ணிறத்தில் தோல் போர்த்தின மாதிரி படலம் வந்தது. எரிந்த குருணையின் குழிக்குள்தான் அது தடிப்பாக இருந்தது. எனக்கு விளங்கினது இவ்வளவுதான்.

---

கண்ணாடிச்சில்லு | சனி, இரவு 11.08

ஐயா, உங்கள் கையைக் கொடுங்கள். ரவி, படித்தீர்களா? குழி முதலில், குடி அப்புறம். போத்தலில் வைத்துக் காட்டிவிட்டார்.

---

மோல்டிங் ரவி | சனி, இரவு 11.25

எரிந்த பிளாஸ்டிக்கில் வருவது காற்றுக் கொப்புளம் வெடித்த குழி. எங்கள் பட்டறையில் ஈரம் காயாத கிரானுல்ஸைப் போட்டாலே அது வரும். அது கண்ணுக்குத் தெரிகிற குழி. நான் சொல்வது மைக்ரான் அளவுக் குழி. ஆயிரம் மடங்கு வித்தியாசம். யானையைக் காட்டி எறும்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீர்கொழும்பான் அண்ணன் பட்ட கஷ்டத்தை மதிக்கிறேன், அது வேறு.

கண்ணாடிச்சில்லு அண்ணனுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். 2017 மெழுகுப்புழு இழை ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் நான் நல்ல செய்தி போட்டேன், அன்றைக்கும் இவர்தான் வந்து நின்றார். யார் எதைக் கொண்டுவந்தாலும் 'இல்லை' என்று சொல்வதுதான் இவர் வேலை.

---

கண்ணாடிச்சில்லு | ஞாயிறு, காலை 5.50

மெழுகுப்புழு ஞாபகம் இருக்கிறது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேன்கூட்டுப் புழு பாலிஎத்திலீன் பையில் ஓட்டை போட்டது, புழுவை அரைத்துப் பூசினாலும் பிளாஸ்டிக் மாறியது என்று ஒரு ஆய்வு வந்தது. நீங்கள் அன்றும் ஓட்டையைக் காட்டினீர்கள். அதே வருடம் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. முட்டை மஞ்சள்கருவையும் அரைத்த பன்றி இறைச்சியையும் பாலிஎத்திலீன் மேல் பூசி அதே மாதிரி அகச்சிவப்பு நிறமாலையை எடுத்துக் காட்டினார்கள். பிளாஸ்டிக் மாறியதாகத் தெரிந்தது பூசிய சாற்றின் மிச்சமாகவே இருக்கலாம் என்று ஆனது. அதை நான் அன்று எடுத்துப் போட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் ஒரு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை பேராசிரியர் ஒருவர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, பாக்டீரியா பிளாஸ்டிக்கை அரித்துவிட்டது என்று மாநாட்டுக்குக் கிளம்பினார். பாக்டீரியா போடாத வெறும் துண்டையும் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். எடுத்தோம். அதிலும் அதே குழி. தயாரித்தபோதே இருந்த குழி. அவர் அந்தப் படத்தை டிராயரில் வைத்துவிட்டு முதல் படத்தை மட்டும் கொண்டுபோனார். எனக்கு அடுத்த வருடம் வேறு பிரிவு. அன்றிலிருந்து யார் ஒரு படத்தை மட்டும் காட்டினாலும் இன்னொரு படம் எங்கே என்றுதான் கேட்பேன். சாகும் வரை கேட்பேன்.

---

மோல்டிங் ரவி | ஞாயிறு, காலை 7.20

என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் அந்த மாதம் வரவில்லை. ஓடிப்போனேன் என்று இந்த இழையில் எழுதியதை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் பேராசிரியர் செய்த தப்புக்கு அட்லாண்டிக் குழி எப்படிப் பொறுப்பாகும்?

---

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 8.00

தனிப்பட்ட விஷயங்களை நிறுத்துங்கள். தலைப்பு கடல் பிளாஸ்டிக். அடுத்த தாக்குதல் வந்தால் இழை பூட்டப்படும்.

---

முத்துநகர் சூசை | ஞாயிறு, காலை 8.30

தலைப்பைப் பற்றித்தான் கேட்கிறேன். அந்தப் பசிபிக் குப்பையில் எடைக்கணக்கில் 46 விழுக்காடு மீன் வலை என்று எங்கேயோ படித்தேன். உண்மையா? நாங்கள்தான் குற்றவாளியா?

---

செவ்வந்தி | ஞாயிறு, காலை 8.52

உண்மைதான், அதே 2018 ஆய்வு. பெரிய கப்பல்களின் வலைதான் அங்கே அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம். தூத்துக்குடி வலை அங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வலையும் மிதவையும்தான் பெரிய தெப்பம். 2023இல் வந்த ஆய்வில் வடக்குப் பசிபிக் நடுவில் எடுத்த 105 பிளாஸ்டிக் பொருள்களைப் பார்த்தார்கள். 70 விழுக்காட்டுக்கு மேல் கரையோர உயிரினங்கள் இருந்தன. நடுக்கடலில் கரையோர உயிர்கள் குட்டி போட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. அதற்கு அடிப்படை இந்த நுண்ணுயிர்ப் படலம்தான் என்பேன். முதலில் வழுவழுப்பு, அதற்கு மேல்தான் மற்றதெல்லாம்.

---

முத்துநகர் சூசை | ஞாயிறு, காலை 9.05

"பெரிய கப்பல்" என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். இதை முதலிலேயே எழுதியிருந்தால் நேற்று ராத்திரி நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

---

புதியவன் | ஞாயிறு, காலை 9.30

நேற்றுக் கேட்டதுதான். 'தின்பது' என்றால் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறீர்களா?

---

மோல்டிங் ரவி | ஞாயிறு, காலை 9.41

தம்பி, குழி விழுந்திருக்கிறது. குழியில் இருந்த பிளாஸ்டிக் எங்கே போனது என்று அவரைக் கேள்.

---

கண்ணாடிச்சில்லு | ஞாயிறு, காலை 9.50

தம்பி, அந்தக் குழியில் பிளாஸ்டிக் என்றைக்காவது இருந்ததா என்று அவரைக் கேள்.

வெட்டிப் பேச்சு போதும். ரவி, உங்கள் பட்டறையில் கால்சியம் போடாத, சாயம் போடாத பாலிஎத்திலீன் தகடு பத்துத் துண்டு வெட்டுங்கள். மூன்று வாளி. ஒன்றில் வெயிலும் கடல் தண்ணீரும். ஒன்றில் வெயிலும், கொதிக்கவைத்து ஆறவைத்து மூடிய கடல் தண்ணீரும். ஒன்று இருட்டில். ஒரு வருடம். பழைய மாணவன் ஒருவனிடம் நுண்ணோக்கி இருக்கிறது, நான் கேட்கிறேன். இரண்டாவது வாளியிலும் குழி வந்தால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

---

மோல்டிங் ரவி | ஞாயிறு, காலை 10.12

மூடிய வாளியில் வெயில் எப்படி உள்ளே போகும்? கண்ணாடி மூடி போட்டால் புற ஊதாவில் பாதி அங்கேயே நின்றுவிடும். அப்புறம் குழி வரவில்லை என்றால் அது பாக்டீரியா இல்லாததாலா, வெயில் குறைந்ததாலா? முதலில் வாளியைச் சரியாக யோசியுங்கள், பிறகு என் தகட்டைக் கேளுங்கள்.

---

கண்ணாடிச்சில்லு | ஞாயிறு, காலை 10.20

குவார்ட்ஸ் மூடி போடலாம். இதுகூடத் தெரியாமல் 31 வருடம் ஓட்டியிருப்பேனா?

---

மோல்டிங் ரவி | ஞாயிறு, காலை 10.24

குவார்ட்ஸ் என்ன விலை தெரியுமா? யார் வாங்குவது?

---

முத்துநகர் சூசை | ஞாயிறு, காலை 10.40

ஒரு வருடம் எல்லாம் வேண்டாம். திண்ணையில் கிடக்கிற அப்பாவின் மிதவையை அறுத்துத் தருகிறேன். மேல்பக்கம் வெயில் பட்டது, அடிப்பக்கம் தண்ணீரில் கிடந்தது. எந்தத் துண்டை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

கண்ணாடிச்சில்லு | ஞாயிறு, காலை 10.44

இரண்டும் எனக்கு.

---

மோல்டிங் ரவி | ஞாயிறு, காலை 10.45

அண்ணே, அவரிடம் கொடுத்தால் தங்கம் பூசுகிறேன் என்று குழியையே மூடிவிடுவார். முதலில் எனக்கு அனுப்புங்கள். என்ன பிளாஸ்டிக், உள்ளே கால்சியம் இருக்கிறதா என்று எரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

---

முத்துநகர் சூசை | ஞாயிறு, காலை 10.52

எரிக்கவா? அது எங்கள் அப்பா மிதவை.